சுடாமலே கீறிய தோட்டா

சுட்டுப் போட்ட தோட்டாக் கூடுகளில் மூன்றை அள்ளி உள்ளங்கையில் போட்டு, விரல்களை லேசாக மூடி, காதோரம் வைத்துக் குலுக்கினால் போதும், பித்தளை தானே சொல்லிவிடும். நல்லது என்றால் மூன்றும் கணகணவென்று ஒரே குரலில் சிரிக்கும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி. கீறல் விழுந்தது ஒன்று கலந்திருந்தால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு கரகரப்பு வரும், சளி கட்டின தொண்டை. அப்போது ஒன்றை மாற்றிக் குலுக்கு, இன்னொன்றை மாற்றிக் குலுக்கு, எது கரகரக்கிறது என்று பிடித்துவிடலாம். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லது பச்சை வாளிக்கு, கீறியது எவர்சில்வர் தட்டுக்கு. தட்டில் இதுவரை பதினேழு. மெல்லத்தான் குலுக்க வேண்டியிருக்கிறது, பின்னால் கொக்கியில் கட்டின சேலைத் தொட்டிலில் என் மகள் தர்ஷிகா தூங்குகிறாள், எட்டு மாதம், இடி இடித்தால் எழுந்திருக்க மாட்டாள், கரண்டி விழுந்தால் எழுந்துவிடுவாள். வெளியே சாரல். மலையே தெரியவில்லை. சுடுமிடத்தில் இலக்கு அட்டை மாட்டும் மரச்சட்டங்கள் மட்டும் நனைந்து வரிசையாக நிற்கின்றன, ரேஷன் கடை திறக்கக் காத்திருக்கிற ஆட்கள் மாதிரி. மணி ஒன்பதே முக்கால். பதினொரு மணிக்குக் கமிட்டி. "கீறினதை எல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைம்மா, பதினொரு மணிக்குக் கொண்டு வா, அந்த ஆள் முன்னால வச்சுக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் செக்ரட்டரி இந்தத் தோட்டா அறையைத் திறந்துவிட்டுப் போனார். சரி சார் என்றேன். எனக்கு வாயில் முதலில் வருவது எப்போதும் சரி சார்தான். ஜன்னல் திட்டில் ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், உள்ளே ஒரே ஒரு தோட்டா. தேளைப் பிடித்து மூடி வைத்த மாதிரி. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குலுக்குகிறேன், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண் அங்கேதான் போகிறது.

அந்த ஆள் என்று செக்ரட்டரி சொன்னது தங்கப்பழம் அண்ணாச்சியை. ராணுவத்தில் பதினெட்டு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்துவிட்டு வந்தவர், இந்த ரைபிள் கிளப்பில் உறுப்பினர்கள் சுட்டுப் போட்ட கூடுகளுக்கு மறுபடி மருந்தும் ஈயக் குண்டும் வைத்துத் தோட்டா ஆக்குவது அவர் வேலை. கழுவுவதும் துடைப்பதும் என் வேலை. நான் கூட்டித் துடைக்கத்தான் இங்கே வந்தேன். வந்த மாதத்தில் ஆபீஸ் பித்தளைக் கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்ததைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, "ஏட்டி, உன் பேர் என்ன?" என்றார். முப்பிடாதி என்றேன். "உனக்குப் பித்தளை பேசும்ட்டி, நாளையிலேர்ந்து என் கூட வா" என்றார். அந்த வார்த்தைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன், வீட்டுக்காரரிடம் அதை எத்தனை தடவை சொன்னேன், அவர் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "பித்தளை பேசுனா எனக்கு ஒரு குவளை தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று கிண்டல் பண்ணினார். இதோ இப்போது பேசுகிறது. பதினெட்டு. போன ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. ஜெரோலின் சுட்டாள், சுரண்டையிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிற பிள்ளை, காலேஜ் ரெண்டாம் வருஷம், என்னை அக்கா என்பாள், துப்பாக்கிப் பெட்டியை வைத்ததும் முதலில் தர்ஷிகாவைத் தூக்குவாள். முதல் சுற்று அத்தனையும் நடுவில். நான் விளக்குமாற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், என் வயிற்றில் பிறந்தவள் சுடுகிற மாதிரி நெஞ்சு நிமிர்ந்து போனது, அந்தத் தோட்டாவை எல்லாம் கழுவினது நான்தானே. ரெண்டாவது சுற்றில் மூன்றாவது வெடி. அதற்கப்புறம் சத்தம் இல்லை. ரிவால்வரின் உருளை சுற்றவில்லை. அடுத்த தோட்டாவில் கூட்டின் பிடி தளர்ந்து, வெடித்த அதிர்ச்சியில் குண்டு நழுவி முன்னால் தலை நீட்டிவிட்டது, தாழ்ப்பாள் விழுந்த மாதிரி உருளை பூட்டிக்கொண்டது. ஜெரோலின் கையைத் தூக்கினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவளைத் தவிர மற்றவர்கள் சுட்டு முடித்தார்கள். அவள் அழவில்லை, பெட்டியைப் பூட்டிவிட்டு, யாரோ கொடுத்த வடையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை தின்னாமலே நின்றாள். அதற்கு அழுதிருக்கலாம். செக்ரட்டரி அன்று சுட்ட கூடுகளைக் கொட்டிப் பார்த்தார், நாலைந்தில் நெடுகக் கீறல். "மருந்து கூடிப் போச்சு. கை நடுங்குது அந்தாளுக்கு. ரெண்டு தடவை ஊத்தியிருக்கான்" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாளாக அண்ணாச்சி இந்த அறைக்குள் வரவில்லை. ஆபீஸ் வராண்டாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார், வேற்று வீட்டுக்கு வந்தவர் மாதிரி முட்டியில் கை வைத்துக்கொண்டு.

மருந்து கூடினால் கூடு கீறும், அது சரிதான். ஆனால் பித்தளை கீறுவதற்கு அது ஒன்றுதானா காரணம். வேலைக்கு வந்த புதிதில் நான் தொணதொணவென்று கேட்பேன், அவர் கூடு அமுக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்துக்கொண்டே எரிந்து விழுந்து பதில் சொல்வார். "இது என்ன இரும்பாட்டி? இளகுன சாமான். வெடிக்கும்போது ஊதும். நான் அச்சுல போட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டாருதேன். குண்டு உக்கார வாயைக் கொஞ்சம் விரிக்கேன். குண்டு விழாம இருக்க மறுபடி நெருக்குதேன். ஊது, அமுக்கு, விரி, நெருக்கு, ஒவ்வொரு தடவைக்கும் அது இறுகிக்கிட்டே போவும். கம்பியை இங்கயும் அங்கயும் வளைச்சா ஒடியும்லா, அதேதான்." அதனால்தான் வாயை மணி மாதிரி அகல விரிக்கக் கூடாது, குண்டின் அடி உட்காருகிற அளவுக்குத்தான், ஒரு நூல் கூடினாலும் கூட்டின் ஆயுசில் ரெண்டு தடவை போய்விடும். அதனால்தான் எத்தனையாவது தடவை நிரப்பினது என்று பெட்டிக்குப் பெட்டி சாக்பீஸ் கோடு. அதனால்தான் மருந்து எப்போதும் ஒரு பங்கு குறைவாகவே. "தீயில காட்டி இளக்குனா என்ன அண்ணாச்சி, தட்டார் செய்யுத மாதிரி" என்று கேட்டேன். "ரைபிள் கூடு நீளம், வாயை மட்டும் காட்டலாம். இது குட்டை. வாயில வச்ச சூடு அடிக்குப் போயிரும், அடி இளகினா சுடுதவன் கை போயிரும். அதிகப் பிரசங்கி." அப்புறம் ஒரு நாள், நான் ஆபீஸிலிருந்து பித்தளை மினுக்கும் எண்ணெய் டப்பாவை எடுத்து வந்தபோது, பிடுங்கித் தூர வைத்தார். முகர்ந்து பார் என்றார். கண்ணில் நீர் வந்தது, மாட்டுத் தொழுவத்து நெடி. "இந்த நெடி பித்தளைக்கு ஆவாது. வெள்ளைக்காரன் காலத்துல குதிரை லாயத்துல தோட்டாப் பெட்டி வச்சிருந்தானாம். மழைக்காலம் பூரா குதிரை மூத்திர நெடி. அவ்வளவும் தானா கீறிப் போச்சு. ஒருத்தன் சுடலை, ஒருத்தன் தொடலை." நான் சிரித்தேன். "அப்போ தோட்டாவுக்கும் மூக்கு உண்டா அண்ணாச்சி?" என்றேன். அவரே சிரித்துவிட்டார். ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லி இங்கே எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனே. அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் கரகரக்கிறது. இருபது. தர்ஷிகா புரளுகிறாள், இல்லை, புரளவில்லை, காற்றுதான் தொட்டிலை அசைத்தது.

பித்தளைக்கு ஆகாத நெடி எது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தேன். தொழுவத்துப் பக்கம் வைக்கவில்லை, ஆட்டுக்கிடைப் பக்கம் வைக்கவில்லை, எங்கள் வீட்டில் மாடே இல்லை, அதனால் பயமே இல்லை. போன மாதம் பத்து நாள் விடாத சாரல். கிளப் குழாயில் கலங்கல் தண்ணீர். அண்ணாச்சி அமுக்கி வைத்த கூடுகள் நூற்றைம்பது, எண்ணெய்ப் பிசுக்கோடு, கழுவித் துடைத்து இங்கேயே பல்பு எரிகிற அலமாரியில் காய வைக்க வேண்டும், அறையை விட்டு வெளியே போகக் கூடாது, அதுதான் முறை. தர்ஷிகாவுக்குக் காய்ச்சல். உட்கார முடியவில்லை. ஒரு நாள்தானே, வீட்டில் நல்ல தண்ணீர் இருக்கிறதே, தங்கம் மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தால் அண்ணாச்சி முகம் எப்படி மலரும் என்று, அந்த ஆசையும்தான், பொய் சொல்லக் கூடாது, ஆசைதான் முதலில், ஓலைப்பெட்டியில் போட்டு மேலே துண்டை மூடித் தூக்கிக்கொண்டு போனேன். கழுவினேன். மின்னியது. எங்கே காய வைக்க. வீடு முழுக்க ஈரம், சுவர் வியர்க்கிறது, உப்பு தண்ணீராக ஓடுகிறது. காய்ந்த இடம் என்றால் அடுப்புக்குப் பின்னால் ஒன்றுதான். அங்கேதான் கொடி கட்டிப் பிள்ளையின் துணிகள். அந்தக் கொடிக்கு அடியில் பெட்டியை வைத்தேன். ஒரு நாள் என்று நினைத்தது பிள்ளைக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆனது, அலமாரியில் காய்கிறது என்றுதான் அண்ணாச்சி நினைத்திருப்பார். மேலே துணி, கீழே அடுப்பு, நடுவில் பித்தளை. ஆவி அடித்தது. கதவைத் திறந்தால் கண் எரிந்தது, புகை என்று நினைத்தேன். புகை இல்லை. அது எனக்கு இன்று காலையில்தான் தெரிந்தது, மருந்து வைத்துத் தயாராக இருந்த மிச்சப் பெட்டியை அலமாரியில் நகர்த்தினபோது, ஒரு தோட்டா மட்டும் ஒரு மாதிரி வெளிறி, வாயருகே மயிரிழை மாதிரி ஒரு கோடு. புத்தம் புதிது. யாரும் சுடாதது. சுடாமலே கீறியது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது அண்ணாச்சி தப்பித்தார் என்பதில்லை. என் அடுப்படி. என் அடுப்படியைப் பத்துப் பேர் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான்.

ஏனென்றால் அந்தத் துணிகள் துவைத்தவை இல்லை. இதை யாரிடம் சொல்வேன். சாரலில் துவைத்தால் காயாது, காயாவிட்டால் பிள்ளைக்குப் போட ஒன்றும் மிஞ்சாது, அதனால் ஒரு தடவை பிள்ளை நனைத்ததை அப்படியே பிழிந்துகூடப் போடாமல் அடுப்புக்கு மேலே போட்டுக் காய வைத்து மறுபடி கட்டினேன். மூன்றாவது நாள் துணி விறைத்து அப்பளம் மாதிரி நின்றது. அதையும் தட்டி உதறிக் கட்டினேன். பிள்ளைக்குத் தொடையில் சிவந்தது, தேங்காய் எண்ணெய் தடவினேன். எல்லா வீட்டிலும் மழைக்காலத்தில் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர் உள்ளே வரும்போது நான் சாம்பிராணி போடுவேன். எப்போதும் சிரித்த முகம், பளிச்சென்ற பொட்டு, மடிப்புக் கலையாத சேலை, முப்பிடாதி மாதிரி சுத்தக்காரி உண்டா என்று தெருவில் பேச்சு, அந்தப் பேச்சை நானும் நம்பியிருக்கிறேன். இதில் வேடிக்கை என்ன என்றால் அது மூத்திரம் என்றே எனக்குத் தோன்றவில்லை. குதிரை மூத்திரம் மூத்திரம். மாட்டு மூத்திரம் மூத்திரம். பிள்ளை நனைத்தால் அதற்கு வேறு பேர். விருந்தாளி மடியில் அடித்துவிட்டால்கூட, "பன்னீர் தெளிச்சிட்டா, நல்ல காரியம் நடக்கும்" என்று சொல்லித்தான் சிரிக்கிறோம், அவர்களும் சிரிக்கிறார்கள், யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. என் மகள் உடம்பிலிருந்து வருவது ஒரு சாமானைக் கெடுக்கும் என்று எந்தத் தாய்க்கு நினைப்பு ஓடும். பித்தளைக்குத் தாய் பிள்ளை தெரியவில்லை. மோந்தது, கீறியது. தோட்டாவுக்கு மூக்கு உண்டு அண்ணாச்சி. எனக்குத்தான் இல்லாமல் போனது.

மணி பத்தரை தாண்டிவிட்டது. இருபத்து மூன்று. பச்சை வாளியில் நல்லவை நாற்பது இருக்கும். கிளாஸுக்குள் இருக்கிறதை என்ன செய்ய. வெளியே மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் இருக்கிறது, ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் போதும், ஒரு சத்தம்கூட வராது. தட்டை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடலாம். கேட்டதைத்தானே செய்தேன், பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அண்ணாச்சிக்குப் பென்ஷன் வருகிறது. எனக்கு வருகிறதா. எவ்வளவு சாமர்த்தியமாக நினைக்கிறது புத்தி, கணக்கு வாத்தியார்கூட மெச்சியிருப்பார். பள்ளிக்கூடம். அஞ்சாம் வகுப்பில் ஒரு நாள் பெஞ்சிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன், எழுந்து கேட்கப் பயம். ஈரம் ஓடி டீச்சர் காலடிக்குப் போனதும், "ராசகனி தண்ணி பாட்டிலைக் கொட்டிட்டா டீச்சர்" என்றேன். பக்கத்தில் இருந்தவள். அவளிடம் பாட்டிலே கிடையாது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை, அவளை முட்டி போட வைத்தார்கள், பாவாடை அந்த ஈரத்திலேயே நனைய. இந்தக் கதையை நான் எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், காய் நறுக்குகிற இடத்தில், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், பாட்டிலே இல்லாதவளைச் சொன்னேன் பாரு என்று சொல்லும்போதுதான் சிரிப்பு உச்சத்துக்குப் போகும். ராசகனி இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ. அவள் இந்தக் கதையை எப்படிச் சொல்வாள் என்று ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை. சொல்லவே மாட்டாளாக இருக்கும். நேற்று சாயங்காலம் வராண்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அண்ணாச்சி காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார், நான் கூட்டுவதற்கு. வலது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, நடுங்குதா பாரு" என்றார். இல்லை அண்ணாச்சி என்றேன். "நல்லாப் பாரு." இல்லவே இல்லை அண்ணாச்சி. "நான் ஒவ்வொண்ணுக்கும் விளக்கைப் பிடிச்சு உள்ள பாத்துட்டுத்தான் குண்டு வைப்பேன். உனக்குத் தெரியும்லா. ஆனா அன்னைக்கு ஒரு போன் வந்துச்சு. நடுவுல எந்திரிச்சுப் போனேன். திரும்பி வந்து… நான்தான் ரெண்டு தடவை ஊத்திட்டனோ?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, கையைப் பார்த்துக் கேட்டார். ஊற்றியிருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், எப்படித் தெரியும் என்று நேற்றே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே இருந்ததோ என்னவோ, அடிவயிற்றில் எங்கோ அந்த ஓலைப்பெட்டி இருந்துகொண்டேதான் இருந்தது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. நான் கூட்டிக்கொண்டே போனேன். அவர் சட்டைப் பையில் நாலாக மடித்த தாள். வேலையை விடுகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறாராம். ஒரு மனுஷன் செய்யாததைச் செய்தேன் என்று நம்ப ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவன் கை உண்மையிலேயே நடுங்க ஆரம்பித்துவிடும். பித்தளை மாதிரிதான். அமுக்கி அமுக்கி.

எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளே சொல்லிப் பார்க்கிறேன். சார், ஈரக் காத்து பட்டிருக்கும் சார். அது போதுமே, அது பொய்யில்லையே. சார், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன், அடுப்புப் பக்கம் வச்சிட்டேன், சூட்டுல கீறியிருக்கும். சூட்டில் இளகும், கீறாது, அண்ணாச்சி அந்த நிமிஷமே பிடித்துவிடுவார். சார், பிள்ளைத் துணி. என்ன பிள்ளைத் துணி என்பார்கள். காயப் போட்டிருந்தேன். காயப் போட்ட துணியில் என்ன நெடி என்பார்கள். அங்கே வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் அந்த ஒரு வார்த்தையில் கால் சிக்குகிறது, துவைக்காத. கோட்டு போட்ட கமிட்டிக்காரர் ஒருத்தர் உண்டு, கைக்குட்டையில்கூட வாசனை வைத்திருப்பார், அவர் முகம் எப்படிப் போகும். ஜெரோலின் வருவாள், அவளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இனிமேல் தர்ஷிகாவைத் தூக்கும்போது முதலில் முகர்ந்து பார்ப்பாளோ. என்னைச் சொல்லட்டும், திட்டட்டும், என் பிள்ளையை யாராவது ஒரு மாதிரி பார்த்தால். இருபத்து நாலு. கரகர. "முப்பிடாதி, தட்டைக் கொண்டாம்மா" என்று ஆபீஸிலிருந்து செக்ரட்டரி குரல், அந்தக் குரலுக்குத் தர்ஷிகா திடுக்கிட்டு விழித்தாள், விழித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், தூக்கினேன், தூக்கி இடுப்பில் வைத்த கணமே சூடாக இறங்கியது, சேலை வழியாக, பாவாடை வழியாக, முழங்கால் வரை. மாற்றுத் துணி இல்லை. இன்றும் சாரல். நான் ஜன்னல் பக்கம் போனேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் தட்டு, கிளாஸை எந்தக் கையால் தூக்க. தட்டை மேஜையில் வைத்தேன். தட்டில் இருந்த இருபத்து நாலையும் வாளியில் கொட்டினேன், கணகணவென்றும் கரகரவென்றும் எல்லாம் ஒன்றாக விழுந்தது. காலித் தட்டில் கிளாஸுக்குள் இருந்ததை எடுத்து வைத்தேன். நடக்கும்போது அது தட்டில் உருண்டுகொண்டே வந்தது.

மேஜையைச் சுற்றிச் செக்ரட்டரியும் கமிட்டிக்காரர் ரெண்டு பேரும். சுவர் ஓரம் பெஞ்சில் ஜெரோலின். அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொல்லவில்லை போல. "என்னம்மா, ஒண்ணுதானா?" என்றார் செக்ரட்டரி. "சார், இது சுடலை" என்றேன். என்ன என்றார். "இது இன்னும் சுடாத தோட்டா சார். அலமாரியில கெடந்தது. சுடாமலே கீறியிருக்கு. மருந்து கூடியிருந்தா சுடும்போதுலா கீறணும்?" அண்ணாச்சி தலை நிமிர்ந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம், அவர்களே ஈரம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். வாய் நிற்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனது, ஓலைப்பெட்டி, அடுப்பு, கொடி, ஒன்பது நாள், எல்லாம் சொன்னேன். "பிள்ளைத் துணி நெடி இப்படிப் பண்ணுமா?" என்று கோட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். "மூத்திரத் துணி சார். துவைக்காதது. துவைக்காமக் காயப் போட்டு மறுபடி மறுபடி கட்டுனேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். செக்ரட்டரி தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. என் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது, அதையும் எல்லாரும் பார்த்தார்கள். அண்ணாச்சி தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், நகத்தால் அந்தக் கோட்டைத் தடவினார். கை நடுங்கவில்லை. "லாயம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம், "அந்தப் பெட்டியில கெடந்த அம்புட்டும் வேண்டாம், உருக்கப் போட்டுருவோம். கீறாம நிக்கது நல்லதுன்னு இல்லை, இன்னும் கீறலை, அவ்வளவுதான்" என்றார். காலையிலிருந்து நான் பச்சை வாளியில் போட்டதெல்லாம் அப்போ. ஜெரோலின்தான் முதலில் எழுந்தாள். "நான் தோட்டாவைச் சரியா உள்ள தள்ளலை போலன்னு மூணு நாளா நெனைச்சிட்டிருந்தேன் அக்கா" என்றாள். தர்ஷிகா அவளைப் பார்த்துக் கை நீட்டினாள். அவள் பார்த்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். அவர் செக்ரட்டரி தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். "துணி காயலைன்னா இந்த ரூம்ல கொண்டாந்து போட்டிருக்கலாம்லாட்டி. இந்த பேன் ஆளில்லாத நேரத்துலயும் சும்மாத்தான சுத்திக்கிட்டு கெடக்கு" என்றார். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தேன். கோட்டுக்காரர் முகத்தைத் தாங்கினேன், ஜெரோலின் சுற்றிக்கொண்டு போனதைக்கூடத் தாங்கினேன், இதைத் தாங்க முடியவில்லை, பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். "வீட்டுக்குக் கொண்டுபோனது தப்பும்மா. நடந்ததை எழுதிக் கொடு. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்." தாள் எங்கே என்று மேஜையைத் தேடினார். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து அந்த நாலு மடிப்புத் தாளை எடுத்தார், பிரித்தார், கவிழ்த்து என் முன்னால் வைத்தார். "பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. எழுது" என்றார். மறுபக்கத்து மை லேசாகத் தெரிந்தது, நடுக்கமில்லாத எழுத்து. பிள்ளையை அவர் வாங்கிக்கொண்டார், ஈரத்தோடே. என் எழுத்து அஞ்சாம் வகுப்பு எழுத்துத்தான், கோடு போடாத தாளில் மேலே ஏறிக்கொண்டே போகும். முப்பிடாதி ஆகிய நான் என்று ஆரம்பித்தேன். கூடுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று என்று எழுதினேன். அடுப்பின் பின்னால் என்று எழுதினேன். ஈரத்துணியின் அடியில் என்று எழுதினேன், ஈரத்துணி, பார்க்க எவ்வளவு மரியாதையாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அண்ணாச்சி தோளில் தர்ஷிகா அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஈரத்துணியைக் கோடு போட்டு அடித்தேன். மேலே சின்னதாக எழுத இடம் இருந்தது. துவைக்காத மூத்திரத் துணியின், என்று எழுதினேன்.